வானம் பார்த்த தேயிலை

மாசி பிறந்துவிட்டால், கல்கத்தாவில் தேயிலைத் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, குடும்ப க்ஷேமத்தையும் ஏலத்தின் விலை நிலவரத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், "மேலே மழை உண்டா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மேலே என்றால் டார்ஜீலிங். நகரத்தில் வெயில் ஏறத் தொடங்கி, வீடுகளில் கம்பளிகளை மடித்துப் பெட்டிக்குள் வைக்கும் அந்த நாட்களில், சுமார் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலைச் சரிவுகளில் கார்த்திகைக் கடைசியிலிருந்து உறங்கிக் கிடக்கும் செடிகளின்மேல் ஓர் அங்குல மழையாவது விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே, அந்த ஆண்டின் முதற்கொழுந்து, அதாவது உலகத்துச் சந்தைகளில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் சரக்கு, உருவாக வேண்டும். வேறு எந்த வழியிலும் அந்தச் செடிக்குத் தண்ணீர் வருவதில்லை.

நம் பக்கத்தில் வானம் பார்த்த பூமி என்றால் இராமநாதபுரத்துக் காடுகளும் அங்கே விளையும் கம்பும் வரகுமே நினைவுக்கு வரும். அதைச் சொல்பவர் குரலில் இயல்பாகவே ஓர் இரக்கமும் கலந்துவிடும். டார்ஜீலிங் மலையின் 87 தோட்டங்களும், அவற்றில் தேயிலை நிற்கும் சுமார் 17,500 ஹெக்டேர் நிலமும், ஏறக்குறைய முழுவதும் அத்தகைய பூமிதான் என்பதைக் கேட்டால் பலர் வியப்படைகிறார்கள். இதை ஒரு குறையாகக் கருதி, எப்பாடுபட்டாவது குழாய் போட்டு நீர் இறைத்துவிட்டால் அந்த மலை செழித்துவிடும் என்று நம்புகிறவர்களும் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். முதலில் சில ஆண்டுகள் மலையில் செடியோடும், பிறகு நெடுங்காலம் கல்கத்தாவில் கோப்பையோடும் பழகிய நான் கண்ட உண்மை வேறு. அந்தத் தேயிலையின் பரிமளத்துக்கு, குளிரும் மூடுபனியும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் செடி தன் தாகத்தைத் தானே தீர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதும். ஆகையால் செடியின் வேரைக் காப்பாற்றுவதே நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் அங்கே முதன்மையான கடமை.

நான் குன்னூரில் பிறந்தவன். நீலகிரித் தேயிலைக்கு நடுவே வளர்ந்தவனுக்குச் செடி உறங்கும் என்பது தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறிமாறி நனைக்கும் அந்த மலையில், தை மாதத்து உறைபனியில் கொழுந்து சற்றே தேங்குமேயல்லாமல், பறிப்பு என்பது ஆண்டு முழுவதும் நடந்துகொண்டேயிருக்கும். கல்கத்தாவில் ஒரு ஸ்தாபனத்தில் எனக்கு உத்தியோகம் கிடைத்தபோது, ருசி பார்க்கும் வித்தையைப் பயில்வதற்கு முன்னால் செடியைப் பயிலவேண்டும் என்று மூத்தவர்கள் தீர்மானித்து, கர்சியாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உதவி நிர்வாகியாகச் சில வருஷம் இருந்துவிட்டு வரும்படி என்னை அனுப்பிவைத்தார்கள். போய்ச் சேர்ந்தது மார்கழி மாதம். பறிப்பவர்கள் நெற்றிப்பட்டையில் மாட்டிச் சுமக்கும் டோக்கோ என்ற மூங்கிற்கூடைகள் தொழிற்சாலைச் சுவரோரம் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. உருட்டு இயந்திரங்களைப் பிரித்துப்போட்டு எண்ணெயிட்டுக்கொண்டிருந்தார்கள். செடிகளிலோ நுனிமொட்டு ஒவ்வொன்றும் வளர்ச்சியை நிறுத்தி, ஓர் அரிசிமணி அளவுக்கு ஒடுங்கி, இறுகியிருந்தது. அந்த நிலைக்குத் தோட்டத்தில் பஞ்சி என்று பெயர். நீலகிரியில் ஏதோ ஒரு கிளையில் காணும் அந்தப் பஞ்சியை அங்கே ஒரு மலை முழுவதும் கண்டேன்.

இந்த இரண்டு மலைகளுக்கும் கல்கத்தாவே தாய்வீடு என்பதைப் பின்னால் படித்தறிந்தேன். பெண்டிங்க் பிரபு 1834ல் அமைத்த தேயிலைக் குழு சீன தேசத்திலிருந்து விதைகளை வரவழைத்து, ஹூக்ளி நதிக்கரையில் சிப்பூர் தாவரத் தோட்டத்தில் முளைக்க வைத்தது. அவ்வாறு கிடைத்த சுமார் 42,000 நாற்றுகளில் பெரும்பகுதி அஸ்ஸாமுக்கும் குமாவூன் பக்கத்து இமயமலைச் சாரலுக்கும் போக, 2,000 நாற்றுகள் தென்னாட்டு மலைகளுக்குக் கப்பலேறின. குமாவூனில் பிழைத்துக்கொண்ட சீனச் செடியின் விதையைத்தான் டாக்டர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் 1841ல் டார்ஜீலிங்கில் தம்முடைய வீட்டுத் தோட்டத்தில் ஊன்றினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆலுபாரி முதலிய தோட்டங்கள் வியாபாரத்துக்காகவே எழுந்தன. 1861 டிசம்பர் 27ல் கல்கத்தாவில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. அஸ்ஸாம் காடுகளில் இயற்கையாக வளர்ந்த பெரிய இலை ஜாதி சமவெளி முழுவதையும் ஆட்கொண்டபோதும், சிறிய இலையும் குட்டையான உடலும் குளிரைத் தாங்கும் திடமும் கொண்ட சீன ஜாதி மட்டும் டார்ஜீலிங் மலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் வேலை பார்த்த தோட்டத்தின் மேற்பகுதியில் நின்ற செடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விதையூன்றி வளர்த்தவை.

அந்த மலையின் மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பிரதேசத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் வெளியார் நம்பமாட்டார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மனிதன் கையூன்றாமல் ஏறமுடியாத சரிவுகளில் விழும் அந்த மழை, மண்ணுக்குள் இறங்க அவகாசமில்லாமல், ஜோரா என்று அவர்கள் சொல்லும் மலையோடைகளில் புரண்டு, பாலாசன், ரங்கீத், தீஸ்தா ஆகிய நதிகளைச் சேர்ந்து, சமவெளிக்குப் போய்விடும். ஐப்பசி கழிந்த பிறகு, மேற்கே நெடுந்தொலைவில் தோன்றி இமயத்தின் ஓரமாகவே நகர்ந்து வரும் காற்றுச் சலனங்கள் கொண்டுவந்து தெளிக்கும் சொற்ப மழையைத் தவிர, பங்குனிவரை வானத்திலிருந்து வேறொன்றும் கிடையாது. அஸ்ஸாமிலும் துவார்ஸ் சமவெளியிலும் இந்த வறண்ட மாதங்களில் குழாய்களைப் பரப்பித் தெளிப்பான் மூலம் நீர் பாய்ச்சுகிறார்கள். நிலம் மட்டமாகவும் நீர் கைக்கெட்டும் ஆழத்திலும் இருப்பதால் அங்கே அது சாத்தியம். மலையிலோ, நதி பள்ளத்தாக்கின் அடியில் ஓட, செடி அதற்குப் பல நூறு மீட்டர் மேலே நிற்கிறது. ஓடைகள் தை மாதத்திலேயே கூழாங்கல்லைக் காட்டிவிடுகின்றன. மிஞ்சியிருக்கும் ஊற்றை நம்பித் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளும் கிராமங்களும் இருக்கின்றன. டார்ஜீலிங் நகரத்துக்கே குடிநீர் பெரும்பாலும் 1910லும் 1932லும் கட்டப்பட்ட செஞ்சல் ஏரிகளிலிருந்துதான் வருகிறது. மாசியில் அந்த நகரத்து வீடுகளுக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கும் நிலை. குழந்தைகளுடைய குடத்துக்குப் போகவேண்டிய ஜலத்தைத் தேயிலைக்குத் திருப்புவதற்கு எவருக்கும் யோக்கியதை கிடையாது என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

செடி எவ்வாறு பிழைக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு நிலச்சரிவு. பைரோ என்று நேபாளிகள் அஞ்சிச் சொல்லும் அந்த உற்பாதம், ஓர் ஆடி மாதத்து இரவில், இடைவிடாமல் பெய்த மழைக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தின் ஒரு பகுதியைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாக அதன் பாதையில் வீடுகள் இல்லை. மழை விட்டதும், அந்தப் பகுதியில் வேலையாட்களை மேற்பார்க்கும் முதிய சர்தாருடன் நான் விளிம்புவரை சென்று பார்த்தேன். கத்தியால் வெட்டியதுபோல் நின்ற அந்த மண்முகத்தில், மேலே ஒரு சாண் கறுத்த மண். அதன்கீழ் மஞ்சள் கலந்த செம்மண். அதற்கும் கீழ் இற்றுப்போன பாறை, பட்டை பட்டையாக, அபிரகத்துகள் மின்ன, தொட்டால் உதிர்ந்தது. இடுப்பளவுகூட உயரமில்லாத பழைய சீனச் செடிகளின் ஆணிவேர்கள் இந்த மூன்று அடுக்குகளையும் ஊடுருவி, பாறையின் பிளவுகளுக்குள் நுழைந்து, ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மேலே கட்டைவிரல் பருமன், கீழே போகப்போக நூல் போன்ற இழைகள். அந்த இழைகள் ஒட்டிக்கொண்டிருந்த பாறைப்பொடி ஈரமாக இருந்தது. "நான் சிறுவனாயிருந்தபோது இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை தப்பியது, சாப், இந்த மேட்டில் ஒரு செடி சாகவில்லை" என்றார் சர்தார். நான் அவரைத் தாஜு என்று அழைப்பேன். தமையன் என்ற ஸ்தானத்தை அவருக்குத் தோட்டமே கொடுத்திருந்தது. பிறகு அவர் அதே வெட்டுமுகத்தின் மறுகோடிக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே நின்றவை சில ஆண்டுகளுக்கு முன்பு நட்ட புதிய செடிகள். இலையில் செழிப்பு, கிளையில் அடர்த்தி, கொழுந்தில் பெருக்கம் எல்லாம் இருந்தன; வேர்கள் மட்டும் நான்கு பக்கமும் பரவி, முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டிருந்தன.

அதன் காரணத்தை விளக்குவது அவசியம். விதையிலிருந்து முளைக்கும் தேயிலைச் செடி முதலில் வேரை நேராகக் கீழே செலுத்தி, பிறகே மேலே எழுகிறது. ஒரு தேர்ந்த தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக வெட்டியெடுத்து, நாற்றுப்பையில் வைத்து வளர்க்கும், தொழிலில் குளோன் என்று சொல்லும் செடிக்கு ஆணிவேர் உண்டாவதில்லை. வெட்டுவாயிலிருந்து பக்கவேர்கள்தான் கிளைக்கின்றன. இந்தக் குளோன் செடிகளை நான் குறைத்துப் பேசவில்லை. அம்பாரி தோட்டத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏவி 2 என்ற வகையின் முதற்கொழுந்தை ருசி பார்த்த எவரும் அதன் மலர் மணத்தை மறக்கமாட்டார்கள். பூப்சேரிங் 312 என்ற வகையும் நற்பெயர் பெற்றதே. தனித்தனி ஜாதகமுள்ள விதைச்செடிகளைப்போலன்றி, இவை எல்லாம் ஒரே காலத்தில் துளிர்க்கும், ஒரே குணம் காட்டும், விளைச்சலும் அதிகம் தரும். ஆனால் ஊற்று வற்றிப்போகும் மேட்டுச்சரிவில், தெற்கு நோக்கி வெயிலைத் தாங்கும் முகத்தில், இவற்றை நட்டுவிட்டு மழை வருமென்று காத்திருப்பது, செடிக்கு நாம் இழைக்கும் அநீதி. பங்குனி முடியுமுன்னே முதலில் வாடுபவை இவையே.

நீர் பாய்ச்சமுடியாத தோட்டத்தில் நிர்வாகியின் முக்கியமான வேலை, செடி உறங்கும் காலத்தில்தான் நடக்கிறது. புரட்டாசி மழை கடைசியாகப் பெய்து ஓய்வதற்குள் மண்ணைக் கிளறி, களையை அரிவாளால் அறுத்து, அறுத்ததை அங்கேயே பரப்பிவிடவேண்டும். சரிவின் குறுக்கே, மட்டம் பார்த்து வெட்டிய கால்வாய்களில் இடையிடையே குழிகள் விட்டு, ஓடுகின்ற நீரை நிறுத்தி நிறுத்தி உள்ளே இறக்கவேண்டும். ஜோராக்களின் கரையிலும் காலியான மூலைகளிலும் குவாதமாலாப் புல் வளர்த்து, அதை வெட்டிக்கொண்டுவந்து செடியடியில் கனமாக மூடாக்குப் போட்டால், அதன்கீழுள்ள மண் மாசிவரை ஈரம் காக்கும். கையை நுழைத்துப் பார்த்தாலே வெளியே வெடித்திருக்கும் மண்ணுக்கும் அதற்குமுள்ள வித்தியாசம் தெரியும். சிரீஷ மரங்களின் நிழலை வெட்டிவிடாமல் வைத்திருக்கவேண்டும். இவற்றுள் எதுவும் பெரிய வித்தையல்ல; ஆயினும் கூலிச்செலவைக் குறைக்கவேண்டிய வருஷங்களில் கணக்குப்புத்தகம் முதலில் கைவைப்பது இவற்றின்மேல்தான்.

கவாத்தைப் பற்றி மட்டும் நீலகிரியிலிருந்து நான் ஒன்றைக் கொண்டுபோனேன். செடியைத் தாழ வெட்டினால், இலையின்றி நிற்கும் அந்தக் கட்டை மறுபடி துளிர்ப்பதற்கு வேண்டிய பலம் முழுவதும் வேரில் சேமித்திருக்கும் மாவுச்சத்திலிருந்தே வரவேண்டும். அந்தச் சேமிப்பு உண்டா என்று அறிய, தென்னாட்டில் ஒரு பரிசோதனை உண்டு: பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றைத் தோண்டியெடுத்து, குறுக்கே சீவி, வெட்டுமுகத்தில் அயோடின் திராவகத்தைத் தடவவேண்டும். கருநீலமாகப் பரவினால் வேர் நிறைந்திருக்கிறது, வெட்டலாம். வெளிறிய மஞ்சளாகவே நின்றால் அந்த வருஷம் அந்தப் பகுதியைத் தாழ வெட்டக்கூடாது. கர்சியாங்கில் மார்கழி மாதத்தில், வரப்பில் உட்கார்ந்து, பகுதி பகுதியாக வேர்களைச் சீவிப் பார்த்தபோது, பழைய சீனச் செடிகள் அனேகமாக எப்போதும் மைபோல் கறுத்தன. வறட்சியில் அடிபட்ட இளஞ்செடிகள் பலவற்றில் நீலம் விளிம்போடு நின்றுவிட்டது. சர்தார் அந்தச் சிறிய புட்டியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு என்னைக் கேளாமலே பரிசோதித்து முடிவு சொல்லத் தொடங்கினார். கவாத்துச் செய்த கழிவை அடுப்புக்கு எடுத்துப்போகாமல் செடியடியிலேயே விடும்படி மக்களைச் சம்மதிக்கச் செய்ததும் அவரே. அதற்காக விறகுக்கு வேறு மரங்களைத் தோட்டம் கொடுக்கவேண்டியிருந்தது, அது நியாயமே.

மாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்துவிட்டால், ஒரு வாரத்துக்குள் மலையின் நிறம் மாறுகிறது. முந்திய மார்கழியில் கவாத்துச் செய்யாமல் விட்ட பகுதிகள் முதலில் விழித்துக்கொள்ளும். ஒடுங்கிய பஞ்சி தளர்ந்து, செதில்போன்ற ஒரு சிற்றிலை உதிர்ந்து, உள்ளிருந்து வெண்ணிற ரோமம் போர்த்த மொட்டு நிமிரும். இரவில் குளிரும் பகலில் மெல்லிய வெயிலும் இருப்பதால் வளர்ச்சி மிகவும் மெதுவாக நிகழ, இலை விரிவதற்கு முன்பே அதில் சாரம் திரண்டுவிடுகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு 20,000க்கும் மேற்பட்ட கொழுந்துகள் வேண்டும் என்றால், இரண்டிலையும் ஒரு மொட்டுமாக அவ்வளவையும் நகத்தால் கிள்ளாமல், விரல்நுனியால் ஒடித்தெடுக்கும் அந்தப் பெண்களின் சிரத்தையை என்னென்பது! காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு, முதுகில் கூடை, ஒரு கால் மேல்வரியிலும் ஒரு கால் கீழ்வரியிலும். முதிர்ந்த இலை ஒன்று தவறிக் கையில் வந்தால், அதைக் கூடையில் போடாமல் மண்ணில் போட்டுவிடுவார்கள். நான் கண்ட நிபுணர்களுள் அவர்களை முதலில் வைக்கிறேன்.

மழை பெய்யாத வருஷங்களும் உண்டு. அப்போது பங்குனி பாதிவரை மொட்டு நிமிராது, பறிப்பு பாதியாகும், கல்கத்தாவுக்கு வரவேண்டிய முதற்பெட்டிகள் தாமதிக்கும். அளவு சுருங்கிய அந்தச் சரக்கில், பழைய செடிகளிலிருந்து வந்தது மட்டும், ஒரு தீட்சண்யத்தோடு இருக்கும். வறட்சி மிதமாக இருந்தால் பரிமளம் கூடுகிறது, எல்லை மீறினால் இலை தடித்துக் கசப்பாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது வேரின் ஆழம்.

செடி படும் துன்பமே பரிமளமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இரண்டாம் கொழுந்தில் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில், பெருமழை தொடங்குமுன், காற்று வறண்டு வெயில் ஏறும் சில வாரங்களில், பச்சைத்தத்துப்பூச்சியும் இலைப்பேனும் இளங்கொழுந்தில் பெருகிச் சாற்றை உறிஞ்சுகின்றன. கடியுண்ட இலை ஓரம் சுருண்டு, வெளிறி, பழுப்பேறும். பார்ப்பவருக்கு நோய்கண்ட இலையென்றே தோன்றும். ஆனால் தாக்கப்பட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் வாசனைப் பொருள்களே, வாட்டி உருட்டி உலர்த்திய பிறகு, மஸ்கட் திராட்சைப் பழத்தின் மணமாகக் கோப்பையில் எழுகின்றன. உலகம் விரும்பி வாங்கும் மஸ்கடெல் மணம் இதுதான். லினலூல், ஜெரானியால் என்று ரசாயனிகள் சொல்லும் வாசனைச் சத்துக்கள் அந்தத் திராட்சையிலும் இந்தத் தேயிலையிலும் பொதுவாக இருப்பதால், இந்த ஒற்றுமை வெறும் கற்பனையன்று. திராட்சைக்கும் தேயிலைக்கும் உறவு இதோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில், சிலேட்டுப் பாறைச் சரிவுகளில், பெரும்பாலும் மழையை நம்பியே ஒயின் திராட்சை வளர்க்கிறார்கள். பிரான்சில் பெயர்பெற்ற ஒயின் பிரதேசங்களில் கொடிக்கு நீர் பாய்ச்சுவதை நெடுங்காலம் சட்டமே தடைசெய்திருந்தது. நீர் மிகுந்தால் பழம் பருத்து, சாறு நீர்த்து, நிலத்தின் குணம் மறைந்துவிடும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அனுபவம். நம் நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கிலும் நாசிக்கிலும் திராட்சைக்கு நீர் பாய்ச்சியே ஆகவேண்டும், அந்தச் சீதோஷ்ணம் வேறு. ஆனால் பிரான்சு தேசத்துக் குடியானவர் டார்ஜீலிங் சரிவுக்கு வந்தால், அங்கே வேர் என்ன செய்கிறது என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிராது.

மலையை விட்டுக் கல்கத்தா திரும்பிய பிறகு என் நாட்கள் ருசிமேஜையின் முன்னால் கழிந்தன. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள்; வரிசையாக வெண்பீங்கான் மூடிக்கோப்பைகள்; சுமார் இரண்டரை கிராம் இலைக்குக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்து, சாற்றை வடித்து, ஊறிய இலையை மூடியின் பின்புறத்தில் திருப்பிக் கொட்டிவைப்பார்கள். முதலில் உலர்ந்த இலை, பிறகு ஊறிய இலை, கடைசியில் சாறு என்று கண்ணும் மூக்கும் நாக்கும் கிரமமாக வேலை செய்யவேண்டும்; சாற்றைப் பலமாக உறிஞ்சி, வாயின் கூரையிலும் மூக்கின் பின்புறத்திலும் மோதவிட்டு, படிக்கத்தில் துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகரவேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த வங்காளிப் பெரியவர், அவரை நாங்கள் எல்லோரும் தாதா என்றே அழைப்போம், ஒரு கோப்பையை உறிஞ்சிவிட்டு, "இந்தச் சரக்கைப் பறித்த அன்று மழை இறங்கிவிட்டது" என்பார். தோட்டத்திலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தால் அவ்வாறேயிருக்கும். மழைத்தண்ணீர் ஏராளமாகக் குடித்த இலையின் சாறு கண்ணுக்குச் சிவப்பாகவும் நாக்குக்கு வெறுமையாகவும் இருக்கும்; வறட்சியைத் தாண்டி வந்த பழைய செடியின் சாறு, நிறத்தில் வெளுத்திருந்தாலும், துப்பிய பின்னும் நெடுநேரம் தொண்டையில் நிற்கும். மலையில் வேர்களைக் கண்டிராவிட்டால் இந்த வித்தியாசத்தை வெறும் நாக்கின் சமாசாரமாகவே நான் நினைத்திருப்பேன்.

நீல்ஹாட் மாளிகையின் ஏல மண்டபத்தில் சுத்தியலோசை கேட்ட காலம் போய்விட்டது. டார்ஜீலிங் தேயிலையும் 2016ல் மின்னணு ஏலத்துக்கு மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் தருவது மலையின் நிலை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1 கோடி கிலோவுக்கு மேல் விளைந்த இடத்தில் இப்போது சுமார் 60 லட்சம் கிலோவே விளைகிறது. 2004ல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்ற பெருமை விளைச்சலைக் காப்பாற்றவில்லை. குளிர்கால மழை முன்னைப்போல் நம்பத்தக்கதாக இல்லை. வருகிற மழையும் சிறுதூறலாக நாட்கணக்கில் நனைக்காமல், ஒரே நாளில் கொட்டி மண்ணை வாரிக்கொண்டு போகிறது. 2017ல் மலை முழுவதும் நூறு நாட்களுக்கு மேல் நடந்த முழு அடைப்பில் தோட்டங்கள் களையில் மூழ்கிப்போனபோது, இனி பல பகுதிகள் மீளா என்று பேசினார்கள்; மறுவருஷம் பழைய செடிகள் கவாத்துக்குப் பின் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னபோது எனக்கு வியப்பில்லை.

ஆனால் அந்தச் செடிகள் சிரஞ்சீவிகளல்ல. நூறு ஆண்டைத் தாண்டியவை வருஷந்தோறும் செத்துக்கொண்டிருக்கின்றன. ஹெக்டேருக்கு 500 கிலோகூடத் தேறாத தோட்டத்தில் அவற்றை அப்படியே விட்டுவைப்பதும் முடியாது. இன்று கேட்கும் யோசனை, மொத்தமாகப் பிடுங்கியெறிந்து, குளோன் நட்டு, ஜோராக்களில் தடுப்பணை கட்டிக் குழாயில் நீர் ஏற்றுவது என்பது. என் அபிப்பிராயத்தைக் கேட்க வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான். தாழ்வான, ஜோராவை ஒட்டிய, ஈரம் தங்கும் பகுதிகளில் குளோன் நடுங்கள்; மழைநீரைப் பிடித்துவைத்த குளமிருந்தால், நட்ட முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் கைநீர் விடுங்கள். மேட்டுச்சரிவுகளில் விதையை நடுங்கள். டோக்லாய் ஆராய்ச்சி நிலையம் இரண்டு நல்ல குளோன்களை அருகருகே வளர்த்துக் கலப்பித்து வெளியிட்டிருக்கும் விதைவகைகள் உண்டு. அவற்றில் குணமும் உண்டு, ஆணிவேரும் உண்டு. பிடுங்குமுன் அந்தப் பகுதியில் மிகச்சிறந்த பழஞ்செடிகளைக் கண்டு, கவாத்துச் செய்யாமல் மரமாக வளரவிட்டால், சில ஆண்டுகளில் அவையே காய்க்கும்.

ஐப்பசியில் காய் வெடித்து விழும் விதையைப் பொறுக்கியவுடன் தண்ணீரில் போடவேண்டும். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்குவதை மட்டும் ஈரமணலில் பரப்பி, இளவெயிலில் ஓடு விரியும்வரை வைத்திருந்து, கண் கீழ்நோக்க ஊன்றவேண்டும். நாற்றுப்பை ஆழமாக இருக்கட்டும். பை குட்டையாக இருந்தால் ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டு, குளோன் செய்ததையே அதுவும் செய்யும். பிடுங்கிய நிலத்தில் உடனே நடாமல், ஒன்றரை வருஷமாவது குவாதமாலாப் புல் போட்டு மண்ணைத் தேற்றி, ஆனி மழையில் நடுங்கள். முதல் கொழுந்துக்குக் குளோனைவிட அதிக வருஷம் காத்திருக்கவேண்டும். வங்கிக்கடன் தருகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.